ரோஜாக் காலத்து ஸுகாம்: மூளையிலிருந்து மூக்கின் உட்சவ்வு வரை

மருத்துவர்களின் வரலாற்றை எழுதிய இப்னு அபீ உஸைபிஆ (மறைவு ஹி. 668 / கி.பி. 1270), தம் ‘உயூனுல் அன்பா’ நூலில் அபூபக்ர் முஹம்மத் இப்னு ஸகரிய்யா அர்ராஸியின் ஆக்கங்களை மிக நீண்டதொரு பட்டியலாகத் தந்திருக்கிறார். பெரும் கலைக்களஞ்சியங்களும் சில பக்கங்களே கொண்ட சிற்றேடுகளும் அதில் அருகருகே நிற்கின்றன. அவற்றுள் ஒரு சிற்றேட்டின் தலைப்பு நம்மை நிறுத்தி வைக்கிறது. வசந்த பருவத்தில் ரோஜாவை முகரும்போது அபூஸைத் அல்பல்கீக்கு ஸுகாம் உண்டாவதன் காரணம் பற்றிய கட்டுரை என்பது அத்தலைப்பின் பொருள். ஸுகாம் என்பது நாம் ஜலதோஷம் என்றும், தென்மாவட்டங்களில் தடுமன் என்றும் வழங்கும் மூக்கு நீர்க்கசிவே.

நோயாளியின் பெயர், நோயின் பெயர், அது வரும் பருவம், அதைத் தூண்டும் பொருள் ஆகிய நான்கும் தலைப்பிலேயே அடங்கிவிட்டன. இன்று ஒவ்வாமை மருத்துவரிடம் செல்பவரிடம் முதலில் கேட்கப்படும் கேள்விகளும் ஏறத்தாழ இவையேயாம். எந்த மாதத்தில் வருகிறது? எதன் அருகில் இருக்கும்போது வருகிறது? ஆகவே, ஒவ்வாமை நோயைக் கண்டறிந்த முதல் மருத்துவர் அர்ராஸியே என்று நம்மவர் மேடைகளிலும் நூல்களிலும் அடிக்கடி சொல்லப்படுகிறது. இக்கூற்றைச் சற்று நிதானமாக எடைபோட்டுப் பார்ப்பது நலம். பெருமை கொள்வதற்கு இடம் இருக்கிறது. ஆனால் அந்த இடம் எது என்பதில்தான் நாம் தவறிவிடுகிறோம்.

அர்ராஸி (ஹி. 251–313 / கி.பி. 865–925) இன்றைய தெஹ்ரானை ஒட்டிய ரய் நகரில் பிறந்தவர், அந்நகரிலும் பக்தாதிலும் மருத்துவமனைகளுக்குத் தலைமை தாங்கியவர். அம்மையையும் சின்னம்மையையும் ஒன்றிலிருந்து ஒன்று பிரித்துக் காட்டினார் என்று சிலர் எழுதிவிடுகின்றனர், அது பிழை. அவர் பிரித்துக் காட்டியவை பெரியம்மையும் தட்டம்மையுமே. படுக்கையருகே நின்று தாம் கண்டதை அப்படியே குறித்து வைக்கும் பழக்கம் அவருடைய ‘அல்ஹாவீ’ முழுவதிலும் தென்படும். கிரேக்க மருத்துவமேதை ஜாலீனூஸ் மீது தமக்கு எழுந்த ஐயங்களைத் தொகுத்துத் தனி நூலாக்கவும் அவர் தயங்கவில்லை.

நோயாளியான அபூஸைத் அஹ்மத் இப்னு ஸஹ்ல் அல்பல்கீயும் (மறைவு ஹி. 322 / கி.பி. 934) சாமானியர் அல்லர். இன்றைய வட ஆப்கானிஸ்தானில் உள்ள பல்க் பகுதியைச் சேர்ந்தவர். தத்துவஞானி அல்கிந்தீயின் மாணவர். இஸ்லாமிய நிலவியலில் ‘பல்கீ மரபு’ என்றே ஒரு மரபு அவர் பெயரால் வழங்குகிறது. உடல், உள்ளம் இரண்டின் நலன்களையும் ஒரே நூலில் வைத்துப் பேசும் ‘மஸாலிஹுல் அப்தான் வல் அன்ஃபுஸ்’ அவர் எழுதியது. இத்தகைய அறிஞர் ஒருவர் ஆண்டுதோறும் வசந்தம் வந்ததும் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார் என்பதை வரலாறு நமக்காகக் காத்து வைத்திருக்கிறது.

அர்ராஸி அதற்குக் கண்ட காரணம் என்ன என்பதே அடுத்த கேள்வி. இங்கேதான் நாம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். அவர் பேசிய மருத்துவ மொழி அவர் காலத்து மொழி: நான்கு ‘கில்த்’துகளின் மொழி, சூடு, குளிர், ஈரம், வறட்சி ஆகியவற்றின் மொழி. அந்த மருத்துவத்தில் மூக்கிலிருந்து வழியும் நீர் மூக்கில் பிறந்ததன்று. அது மூளையில் பிறந்தது. மூளை குளிர்ந்த, ஈரமான உறுப்பு. அதில் தேங்கும் கழிவுநீர் கீழிறங்கி வெளியேற வேண்டும். அதற்கான வடிகாலே மூக்கு. இப்படித்தான் ஜாலீனூஸ் கற்பித்தார். இப்னு ஸீனாவின் ‘கானூன்’ அதையே வழிமொழிந்து, இறங்கும் நீர் மூக்குவழி வந்தால் ஸுகாம் என்றும், தொண்டைக்கும் மார்புக்கும் சென்றால் நஸ்லா என்றும் இரு பெயர்களின் வழக்கை விளக்குகிறது. நஸ்லா என்ற சொல்லின் வேரே ‘நஸல’, அதாவது இறங்குதல். கிரேக்கர் இந்நோய்க்கு இட்ட கட்டார் என்ற பெயருக்கும் கீழ்நோக்கி வழிதல் என்பதே பொருள். இரு மொழிகளும் ஒரே கொள்கையைப் பெயராகவே சூட்டிக்கொண்டன. உருது பேசும் வீடுகளில் இன்றும் ‘நஸ்லா ஜுகாம்’ என்று ஒரே மூச்சில் சொல்லும்போது, அவர்கள் அறியாமலே ஜாலீனூஸின் உடற்கூறு அவர்கள் நாவில் வாழ்கிறது.

இதைக் கேட்டு நகைக்க வேண்டியதில்லை. மண்டையோட்டின் அடித்தளத்தில், மூக்கின் கூரையாக அமைந்துள்ள எலும்பில் சிறுசிறு துளைகள் நிறைந்திருக்கின்றன. அரபு மருத்துவர்கள் அதற்கு ‘மிஸ்ஃபாத்’, அதாவது வடிகட்டி என்றே பெயரிட்டனர்; நாம் சல்லடை எலும்பு எனலாம். உலர்ந்த மண்டையோட்டைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தால் அத்துளைகள் வழியே ஒளி தெரியும். மேலே மூளை, கீழே மூக்கு, நடுவே சல்லடை. நீர் வடிகிறது என்று முடிவுகட்ட வேறென்ன வேண்டும்? தலையில் பலத்த அடிபட்டு அவ்வெலும்பு முறிந்தவர்களுக்கு மூளையைச் சூழ்ந்த நீர் மூக்கு வழியே கசிவதும் உண்மையில் நிகழக்கூடியதே.

இங்கே அப்துல் லத்தீஃப் அல்பக்தாதியை நினைத்துக்கொள்வது பொருந்தும். கி.பி. 1200ஐ ஒட்டி எகிப்தைச் சூறையாடிய பஞ்சத்தின்போது குவிந்து கிடந்த எலும்புகளை அவர் நேரில் ஆராய்ந்தார். கீழ்த்தாடை இரண்டு எலும்புகளால் ஆனது என்ற ஜாலீனூஸின் கூற்று தவறு, அது ஒரே எலும்புதான் என்று இரண்டாயிரத்திற்கும் மேற்பட்ட மண்டையோடுகளைப் பார்த்தபின் உறுதியாக எழுதினார். நூலை விடக் கண் நம்பத்தக்கது என்பது அவருடைய துணிவு. ஆனால் சல்லடை எலும்பின் விஷயத்தில் கண்ணும் ஏமாறும். காய்ந்த எலும்பில் வெறுந்துளைகளாகத் தெரிபவை உயிருள்ள உடலில் வெறுந்துளைகள் அல்ல. மணமறியும் நரம்பின் நுண்கிளைகள் அவற்றை நிரப்பியிருக்கின்றன. கீழ்ப்புறம் முழுவதையும் ஈரமான சவ்வு ஒன்று மூடியிருக்கிறது. அந்தச் சவ்வு உயிருடன் மறைந்துவிடும். எலும்பு மட்டும் எஞ்சி நின்று பொய்ச்சாட்சி சொல்லும். தாடையைத் திருத்துவதற்குப் போதுமாக இருந்த சான்று, மூக்கைத் திருத்துவதற்குப் போதவில்லை.

அந்தத் திருத்தம் 17ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியின் விட்டன்பர்க் நகரில் நிகழ்ந்தது. அங்கே பேராசிரியராக இருந்த கொன்ராட் விக்டர் ஷ்னைடர், 1655இல் சல்லடை எலும்பைப் பற்றியும், 1660 முதல் கட்டார் நோயைப் பற்றிப் பல பாகங்களாகவும் எழுதினார். மூளையிலிருந்து மூக்கிற்கு நீர் வருவதற்கு வழியில்லை என்று காட்டி, மூக்கில் வழியும் சளியை மூக்கின் உட்சவ்வே சுரக்கிறது என்று அவர் நிறுவினார். மருத்துவ நூல்களில் அச்சவ்வுக்கு ஷ்னைடரின் சவ்வு என்ற பெயர் நெடுங்காலம் நிலைத்தது. சிறிய செய்தி போலத் தோன்றும் இது, சற்றொப்ப ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுக்காலக் கொள்கையைச் சாய்த்தது. வடிகால் என்று கருதப்பட்டது ஊற்றாக மாறியது. மூளையைக் கழுவுவதற்காக மூக்கில் மருந்திட்ட வைத்தியங்கள் எல்லாம் அதன்பின் பொருளிழந்தன.

ஆயினும் ஷ்னைடருக்கு ரோஜாவின் புதிர் தெரியாது. ரோஜாவின் புதிரை அறிந்த அர்ராஸிக்குச் சவ்வு தெரியாது. இவ்விரண்டும் ஒன்றுசேர மேலும் இருநூறு ஆண்டுகள் ஆயின. 1819இல் ஜான் பாஸ்டாக் என்ற ஆங்கில மருத்துவர், எட்டு வயது முதல் ஆண்டுதோறும் ஜூன் மாதத்தில் தம் கண்களையும் மூக்கையும் மார்பையும் வாட்டிய நோயை, தாமே நோயாளியாக இருந்து, லண்டன் மருத்துவச் சங்கத்தில் விவரித்தார். அவர் கோடை வெப்பத்தையே குற்றவாளியாகக் கண்டார். மான்செஸ்டரின் சார்ல்ஸ் ஹாரிசன் பிளாக்லி, அவரும் அதே நோயாளி, 1873இல் வெளியிட்ட நூலில் வழக்கைத் தீர்த்து வைத்தார். புல்லின் மகரந்தத்தைத் தம் மூக்கின் உட்சவ்வில் தாமே வைத்துப் பார்த்தார். தும்மலும் நீர்க்கசிவும் அடைப்பும் வந்தன. தோலைக் கீறி அதில் மகரந்தம் வைத்தார், தடிப்பு எழுந்தது. ஒட்டும் தன்மையுள்ள கண்ணாடித் தகடுகளைப் பட்டத்தில் கட்டி ஆயிரம் அடிக்கும் மேலே பறக்கவிட்டு, அங்கேயும் மகரந்தம் மிதப்பதைக் காட்டினார். தம் மூக்கையே ஆய்வுக்கூடமாக்கிய இம்மனிதரின் பொறுமையை நாம் வியக்காமல் இருக்க முடியாது.

இங்கே பழைய நோயாளியிடம் ஒரு கணம் திரும்ப வேண்டியிருக்கிறது. அல்பல்கீயை வாட்டியது உண்மையில் ரோஜாதானா? ரோஜாவின் மகரந்தம் கனமானது, பிசுபிசுப்பானது. தேனீயின் காலில் ஏறிச் செல்வது. காற்றில் தொலைவு மிதப்பதன்று. ஆனால் ரோஜா மலரும் அதே வாரங்களில்தான் புற்களும் சில மரங்களும் கண்ணுக்குத் தெரியாத மகரந்தத்தைக் காற்றில் கொட்டுகின்றன. மேலைநாட்டவர் ‘ரோஜாக் காய்ச்சல்’ என்று அழைத்த நோய் பெரும்பாலும் புல் மகரந்தத்தால் வந்ததே. கண்ணுக்குத் தெரிந்த ரோஜா பழியை ஏற்றுக்கொண்டது. அரபுமொழி வழக்கையும் நாம் மறக்கலாகாது. ‘வர்த்’ என்ற சொல் ரோஜாவையே சிறப்பாகக் குறித்தாலும், செடிகொடிகளின் பூ எதற்கும் அதை வழங்கியிருப்பதாக அகராதியாசிரியர்கள் குறிப்பர். மறுபுறம், ரோஜாவை அறவே விடுவிப்பதும் சரியன்று. துருக்கியின் இஸ்பார்த்தா வட்டாரத்தில் அத்தருக்காக ரோஜா பறிப்பவர்களிடையே ரோஜா ஒவ்வாமை ஆய்வில் கண்டறியப்பட்டிருக்கிறது. ஒவ்வாமையால் புண்பட்ட சவ்வு, கடுமையான வாசனை எதற்கும் எளிதில் சீறும் என்பதும் உண்மை. 1886இல் பால்டிமோரின் மருத்துவர் ஜான் மெக்கன்ஸி, ரோஜாவைக் கண்டால் தும்மும் ஒரு பெண்மணியிடம் செயற்கை ரோஜாவைக் காட்டியே அதே தும்மலை வரவழைத்தார். உடலின் நோயும் உள்ளத்தின் நோயும் ஒன்றையொன்று தொடுபவை என்று எழுதிய அல்பல்கீ இதைக் கேட்டிருந்தால் பெரிதும் மகிழ்ந்திருப்பார்.

மகரந்தம் குற்றவாளி என்று தெரிந்தபின்னும், சவ்வு ஏன் சிலருக்கு மட்டும் சீறுகிறது என்ற கேள்வி எஞ்சியது. இருபதாம் நூற்றாண்டு அதற்கு விடை தந்தது. 1906இல் வியன்னாவின் ஃபான் பிர்க்கே ‘அலர்ஜி’ என்ற சொல்லைப் படைத்தார். 1960களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் இஷிஸாகா தம்பதியரும் சுவீடன் ஆய்வாளர்களும் தனித்தனியே கண்டறிந்த இரத்தப் புரதத்திற்கு 1968இல் இம்யூனோகுளோபுலின் ஈ என்று பெயர் சூட்டப்பட்டது. இப்புரதம் மூக்கின் உட்சவ்வில் குடியிருக்கும் மாஸ்ட் செல்களின் மேல் ஒட்டிக்கொண்டு காத்திருக்கிறது. தனக்குரிய மகரந்தம் வந்து தொட்டதும் அச்செல்கள் வெடித்து ஹிஸ்டமினைக் கொட்டுகின்றன. நரம்பு நுனிகள் தூண்டப்பட்டுத் தும்மலும் அரிப்பும், சுரப்பிகள் தூண்டப்பட்டு நீர்க்கசிவும், சவ்வின் அடியிலுள்ள இரத்தக் குழிகள் வீங்கி அடைப்பும் உண்டாகின்றன. சில மணி நேரம் கழித்து ஈயோசினோஃபில் முதலான செல்கள் திரண்டு வந்து இரண்டாம் தாக்குதலைத் தொடுக்கின்றன. பருவம் முற்ற முற்ற மிகச் சிறிதளவு மகரந்தமே போதுமானதாகிவிடும் என்பதை 1960களின் இறுதியில் கானெல் என்பவர் அளந்து காட்டினார். வசந்தத்தின் தொடக்கத்தில் தாங்கிக்கொண்ட மூக்கு, அதன் இறுதியில் ஒரு மலரைக் கண்டாலே சீறுவது ஏன் என்பது இதனால் விளங்கும்.

அண்மைக்கால ஆய்வுகள் இன்னும் ஒரு படி சென்றுள்ளன. இரு நாசிகளிலும் சேர்த்துச் சுமார் 150 சதுர சென்டிமீட்டர் பரப்புள்ள இச்சவ்வு, நோய் நிகழும் களம் மட்டுமன்று. நோயைத் தொடங்கி வைப்பதிலும் அதற்குப் பங்குண்டு. அதன் மேற்புறச் செல்கள் ஒன்றோடொன்று இறுகப் பூட்டிக்கொண்டு சுவராக நிற்கின்றன. வீட்டுத் தூசியில் வாழும் நுண்பூச்சியின் கழிவில் உள்ள ஒரு நொதி அப்பூட்டுகளை அறுக்கவல்லது. புண்பட்ட செல்கள் அபாய அறிவிப்பாகச் சில புரதங்களை வெளியிட்டு, உடலின் எதிர்ப்பாற்றலை ஒவ்வாமையின் திசையில் திருப்பிவிடுகின்றன. இரத்தத்திலும் தோலிலும் ஒவ்வாமைக்கான தடயமே இல்லாமல், மூக்கின் சவ்வில் மட்டும் அப்புரதம் உற்பத்தியாகும் நோயாளிகளும் உளர். மூக்கின் சவ்வும் நுரையீரல் குழாய்களின் சவ்வும் ஒரே தொடர்ச்சி என்பதால், மூக்கைக் கவனியாமல் ஆஸ்துமாவைக் கவனிக்க இயலாது என்று உலக சுகாதார நிறுவனத்துடன் இணைந்து தயாரிக்கப்பட்டு 2001இல் வெளியான நிபுணர் அறிக்கை வலியுறுத்தியது. நஸ்லா மார்புக்கு இறங்கும் என்று இப்னு ஸீனா எழுதியதை இங்கே கொண்டுவந்து பொருத்திப் பார்க்க ஆசை எழலாம். உறவைக் கண்டது அவர் கண். அதற்குக் கூறிய வழி வேறு. இரண்டையும் கலந்துவிடக் கூடாது.

அர்ராஸிக்கும் இதுவே பொருந்தும். அவர் ஒவ்வாமையைக் கண்டுபிடிக்கவில்லை, கண்டுபிடித்திருக்கவும் முடியாது. ஊரெல்லாம் இன்புற்று முகரும் மலர் ஒரு மனிதருக்கு மட்டும் நோய் தருகிறது, அதுவும் ஒரு பருவத்தில் மட்டும் தருகிறது என்பதை ஆராயத் தகுந்த செய்தியாகக் கருதி ஏடெடுத்து எழுதினார். பாஸ்டாக்கிற்கு ஒன்பது நூற்றாண்டுகளுக்கு முன் இதைச் செய்தவர் என்பதே அவருக்குரிய பெருமை. அதற்கு மேல் ஏற்றிச் சொல்வது அவருடைய நேர்மைக்கே பொருந்தாது.

மூளைக்கும் மூக்குக்கும் இடையே கற்பிக்கப்பட்ட அந்த வழி மருத்துவ நூல்களோடு நின்றுவிடவில்லை. நம் ஃபிக்ஹு நூல்களிலும் அதன் தடம் உண்டு. ஒளுச் செய்யும்போது மூக்கினுள் நீரை நன்கு செலுத்துமாறும், நோன்பாளியாக இருந்தால் மட்டும் அதைத் தவிர்க்குமாறும் நபி (ஸல்) அவர்கள் லகீத் இப்னு ஸபிரா (ரலி) அவர்களுக்கு அறிவுறுத்திய ஹதீஸ் அபூதாவூத், திர்மிதீ முதலிய தொகுப்புகளில் இடம்பெற்றுள்ளது. இதிலிருந்து சட்டம் வகுத்த இமாம்கள், மூக்கில் இழுக்கும் ‘ஸஊத்’ என்னும் மருந்து நோன்பை முறிக்கும் என்றனர். அதற்குக் காரணம் கூறும்போது தம் காலத்து உடற்கூற்றையும் துணைக்கு அழைத்தனர். ஹனஃபீ அறிஞர் அல்காஸானீ (மறைவு ஹி. 587 / கி.பி. 1191), மூளைக்கு வயிற்றுடன் வழி இருப்பதால் மூளையை அடைவதும் உட்புறத்தை அடைவதே என்று விளக்கினார். ஷாஃபிஈ நூல்கள் மூக்கின் முன்பகுதியை வெளிப்புறத்தில் சேர்த்து, ‘கைஷூம்’ எனப்படும் உள்ளெல்லையைத் தாண்டி மூளைப்பக்கம் செல்வதையே உட்புறமாகக் கொண்டன. மருத்துவர்கள் சொன்னதை ஏற்று நுட்பமாகச் சட்டம் வகுத்தவர்கள் அவர்கள். அவர்கள் மீது குறை சொல்ல ஏதுமில்லை.

ரமளானில் மூக்குத் தெளிப்பு மருந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஆலிமிடம் ஓடும் ஒவ்வாமை நோயாளிக்கு இது பழங்கதையன்று. ஜித்தாவைத் தலைமையிடமாகக் கொண்ட சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமி 1997இல் நடந்த தன் பத்தாவது அமர்வில் இதை ஆராய்ந்தது. மூக்குச் சொட்டு மருந்தும் தெளிப்பு மருந்தும், தொண்டைக்கு இறங்குவதை விழுங்காமல் தவிர்த்துக்கொண்டால், நோன்பை முறிக்கா என்று தீர்மானித்தது. மூளை அத்தீர்மானத்தில் பேசப்படவில்லை, தொண்டை பேசப்பட்டது. ஷாஃபிஈ மத்ஹபைச் சார்ந்த உலமாக்கள் பலர் முந்தைய தீர்ப்பிலேயே நிற்கின்றனர். தீர்ப்பளிப்பது நம் வேலையன்று. சவ்வைப் பற்றி இன்று தெரிந்த ஒரு செய்தியை மட்டும் இரு தரப்பார் முன்னும் வைக்கலாம். மூக்கின் உட்சவ்வில் கோடிக்கணக்கான குறுமயிர்கள் இடைவிடாது அசைந்து, தம்மேல் படியும் சளியையும் அதனோடு தூசியையும் மருந்தையும் கால்மணி, அரைமணி நேரத்திற்குள் பின்னோக்கித் தொண்டைக்குத் தள்ளிவிடுகின்றன. தெளித்த மருந்தின் பெரும்பகுதி நாமறியாமலே விழுங்கப்படுகிறது. கேள்வி தீர்ந்துவிடவில்லை, மேலிருந்து பின்னுக்கு இடம் மாறியிருக்கிறது.

ஒவ்வாமைக்கு இன்று பெரிதும் தரப்படும் ஸ்டீராய்டு தெளிப்பு மருந்துகள் உடனடியாக வேலை செய்பவையல்ல. சில நாட்கள் தொடர்ந்து பயன்படுத்தும்போது சவ்வின் அழற்சியை மெல்லத் தணிப்பவை. நாளொன்றுக்கு ஒருமுறையோ இருமுறையோ போதுமானவை. ஆகவே, மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு இஃப்தாருக்குப் பின்னும் ஸஹருக்கு முன்னும் அவற்றைப் பயன்படுத்த நேரத்தை மாற்றிக்கொள்வது பெரும்பாலானோர்க்கு இயலக்கூடியதே.